எழுவாய் இல்லாத பாட்டு

சண்டைக்கு வராத மனிதனோடு எப்படிச் சண்டை போடுவது? லோசலீனேவின் வாழ்நாள் எரிச்சல் இதுதான். தம்பி செமிசி அவளிடம் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. அவள் ஓர் அறைக்குள் வந்தால் அவன் இன்னொரு வாசல் வழியாக வெளியேறிவிடுவான். பசிபிக் தீவு நாடான டோங்காவில் தம்பி என்றால் அப்படித்தான். அக்கா மேல், தம்பி கீழ். அவள் உட்கார்ந்த பாயில் அவன் உட்காரக் கூடாது, அவள் காதுபடக் கெட்ட வார்த்தை பேசக் கூடாது, அவளிடம் முகத்துக்கு நேரே மறுத்துப் பேசக் கூடாது. ஊரே மெச்சுகிற மரியாதை. ஆனால் நிலம் அவன் பேரில், வீடு அவன் பேரில், சபை மூப்பர் பதவி அவனுக்கு, விழாக் கமிட்டித் தலைவரும் அவனே. பல்கலைக்கழகத்தில் பழைய புனித ராஜாக்களைப் பற்றிப் பாடம் நடத்தும்போது லோசலீனே ஒரு வாக்கியம் சொல்வாள்: கும்பிடு ஒருவருக்கு, படை இன்னொருவருக்கு. மாணவர்கள் சிரிப்பார்கள். வீட்டை நினைத்துக்கொள்ளும் அவளுக்குச் சிரிப்பு வராது.

இந்த முறை சண்டை போட்டே ஆக வேண்டியிருந்தது. கோலோமாகா அவள் பிறந்த ஊர். அங்கே பழைய கோட்டை மேட்டில் புதிய சபை மண்டபம் கட்ட அஸ்திவாரம் தோண்டிய பொக்லைன், வியாழக்கிழமை மண்ணோடு சேர்த்து எலும்புகளையும் வாரிக்கொண்டு வந்தது. போலீஸ்காரர் வந்தார், எட்டிப் பார்த்தார், "பழசு" என்றார், போய்விட்டார். லோசலீனே வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் காரை விரட்டிக்கொண்டு வந்து, நல்ல பாவாடையோடு குழிக்குள் இறங்கினாள்.

கையில் கிடைத்தது ஒரு தாடை எலும்பு. உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவுதான் இருந்தது. பால் பல் விழுந்த இடத்தில் அடுத்த பல் பாதி முளைத்து நின்றது. அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று, அதைவிடச் சிறியது. அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. மேட்டின் மேலே, தென்னை மரத்தில் சாய்த்து வைத்திருந்த புதுப் பளிங்குக் கல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த வாரம், இந்த வட்டாரத்து நிலத்துக்கெல்லாம் சொந்தக்காரரான பிரபு வந்து திறந்துவைக்கப் போகிற கல். "இந்த இடத்தில் கோலோமாகா கடவுள் முன் மண்டியிட்டது" என்று அதில் பொன் எழுத்தில் வெட்டியிருந்தார்கள்.

இந்தக் கல்லுக்கும் அந்த எலும்புக்கும் நடுவில் ஒரே ஒரு சொல் இருந்தது. ஹூ. டோங்கா மொழியில் மண்டியிட்டுத் தொழுவதும் ஹூ, உள்ளே நுழைவதும் ஹூ. கோலோமாகா பற்றி மிஞ்சியிருப்பது ஒரு பழைய பாட்டு மட்டும்தான். மூன்றே வரி. சின்னப் பிள்ளைகளும் பாடும்.

இருட்டிலே ஹூ,
விடிந்ததும் ஹூ,
கோலோமாகாவில் புகை இல்லை.

யார் என்று பாட்டு சொல்வதில்லை. எழுவாயே கிடையாது. சபைக்காரர்கள் சொல்லும் பொருள்: புது மதத்தோடும் ராஜாவின் கொடியோடும் பிரபுவின் மூதாதை வந்து நின்றார், கோட்டைக்குள் இருந்தவர்கள் இருட்டிலும் தொழுதார்கள், விடிந்தும் தொழுதார்கள், பழைய சாமிகளின் நெருப்பை அணைத்தார்கள், அதனால் புகை இல்லை. லோசலீனே இருபது வருஷமாகச் சொல்லி வரும் பொருள்: ஒருத்தரும் தொழவில்லை. நுழைந்தார்கள், வெட்டினார்கள். சமைக்க ஆள் இல்லை, அதனால் புகை இல்லை. எலும்பு கிடைக்காதவரை அது முனைவர் பட்டம் வாங்கிய ஒரு டாக்டரம்மாவின் அபிப்பிராயம். இப்போது எலும்பு கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை அதன் மேல் காங்கிரீட் ஊற்றப் போகிறார்கள்.

வெள்ளிக்கிழமை போதகர் மோசேசே வீட்டில் கமிட்டி கூடியது. லோசலீனே உள்ளே நுழைந்ததும் செமிசி எழுந்து வெளியே போய் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்றுகொண்டான். அவன் மனைவி வாசிட்டி, நகரத்தில் வங்கியில் வேலை பார்ப்பவள், வாசற்படியில் உட்கார்ந்தாள். இருபத்தைந்து வருஷமாக அவள் வேலை அதுதான். அக்கா சொல்வதைத் தம்பிக்கும் தம்பி சொல்வதை அக்காவுக்கும் கடத்த வேண்டும்.

"டாக்டரம்மா, நாங்க என்ன எலும்பைக் கொண்டுபோய்க் கடல்லயா போடப் போறோம்?" என்றார் போதகர். பெரிய உடம்பு, இனிப்பான குரல். "வெள்ளைத் துணி போர்த்தி ஜெபம் பண்ணி, அதுக்கு மேல மண்டபம். இப்படி ஒரு சமாதி ராஜாவுக்கே கெடைக்காது."

"ராஜா சமாதிக்கு மேல ஜூம்பா டான்ஸ் ஆடுவாங்களா போதகரய்யா? மண்டபத்துல செவ்வாய், வியாழன் ஜூம்பான்னு உங்க சம்சாரம் இப்பவே பேர் எழுதிட்டிருக்காங்க."

வாசிட்டி வாயைப் பொத்திக்கொண்டாள். அவளும் பேர் கொடுத்திருந்தாள்.

"அதுங்க எல்லாம் ரட்சிக்கப்பட்ட ஆத்துமாவா இருக்கலாம்ல? வயசாகி, நல்ல சாவு செத்து..." என்று இழுத்தார் போதகர்.

"வயசாகியா? பல்லு முளைக்கிற வயசு! நீங்க குழிக்குள்ள எறங்கிப் பாத்தீங்களா?"

போதகர் இறங்கவில்லை. முட்டி வலி என்றார்.

விழாவுக்காக ஆக்லாந்திலிருந்து வந்திருந்த பேராசிரியர் நோரிஸ் இப்போது தொண்டையைச் செருமினார். டோங்கா மொழியைப் புத்தகத்தில் படித்தவர். ஒரு விகுதி பிசகாமல், ஒரு சிரிப்பு வராமல் பேசுவார். "நான் லோசலீனேவின் கருத்தை ஏற்கிறேன். அந்தச் சொல்லுக்கு நுழைதல் என்பதே பொருள். ஆனால் மதத்துக்கு இதில் பெரிய இடம் இல்லை. இது இரண்டு தலைவர்களுக்கு இடையே நிலத்துக்காக நடந்த போட்டி. ஒருவர் ராஜாவின் பக்கம் சாய்ந்தார், மற்றவர் சாயவில்லை. மதம் ஒரு போர்வை. புகை இல்லை என்பது தலைமை ஒழிந்ததைக் குறிக்கும் உருவகம்."

"உருவகமா?"

"ஆம். நான் இரு தரப்பையும் தாண்டி நின்று பார்க்கிறேன்."

"தாண்டி எங்க நிக்கறீங்க? ஏர்போர்ட்லயா?" என்றாள் லோசலீனே. "அடுப்புல நெருப்பு போட ஆளில்லன்னு ஒரு பொம்பள ஒப்பாரி வெச்சிருக்கா. அது உங்களுக்கு உருவகம்!"

பேராசிரியர் தன் பக்கம் சேர்ந்ததே அவளுக்குக் கூடுதல் எரிச்சலாக இருந்தது. எலும்புகளில் கொஞ்சத்தை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம் என்று அவர் வேறு சொன்னார். போதகர் உடனே தலையாட்டினார். கொஞ்சத்தை ஆக்லாந்துக்கும் மிச்சத்தைக் காங்கிரீட்டுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று இரண்டு பேருக்கும் தோன்றிவிட்டது.

"வாசிட்டி, உன் புருஷன் என்ன சொல்றான்?" என்று லோசலீனே கத்தினாள். ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் அவன் முதுகு தெரிந்தது. அவள் கத்தியது அவனுக்கு நன்றாகவே கேட்டிருக்கும். இருந்தாலும் வாசிட்டி எழுந்து போய், கேட்டு, திரும்பி வந்தாள்.

"அக்கா சொல்றது சரியாத்தான் இருக்கும்னு சொல்றார்."

"அப்புறம்?"

"லாரி திங்கக்கெழம காலைல வருதாம்."

லோசலீனே எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. அதை நிமிர்த்தி வைக்கக்கூட ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவன் திரும்பவில்லை. திரும்பினால் அக்காவைப் பார்க்க வேண்டி வரும்.

வாசிட்டி கார் வரைக்கும் கூடவே வந்தாள். "அக்கா, கோவப்படாதீங்க. நாம குடியிருக்கிற எடம், கெழங்கு போடற எடம், இவர் பேர்ல எழுதியிருந்தாலும் எல்லாம் பிரபுவோடது. அவங்க குடும்பத்துக்கு ராஜா இந்த நெலத்தைக் கொடுத்ததே அந்த நாளுக்காகத்தான். இப்ப நீங்க அந்த நாளையே கொலைங்கறீங்க. அவர் சும்மா இருப்பாரா? இவருக்கு ராத்திரி தூக்கமே இல்ல."

"தூக்கமில்லாதவன் வாயைத் தெறந்து பேச வேண்டியதுதானே?"

"உங்ககிட்டயா?" என்றாள் வாசிட்டி. 

அந்த நாளில் கோட்டைக்குள் போனவர்களில் லோசலீனேவின் குடும்பமும் உண்டு. ஞானஸ்நானத்தில் சியோசுவா என்று பேர் வாங்கிய பாட்டனாருக்குப் பாட்டனார், பிரபுவின் மூதாதைக்கு வலது கை. வேதாகமத்தில் எரிகோ கோட்டையைப் பிடித்த யோசுவாவின் பேர். குடும்பம் ஒவ்வொரு வருஷமும் அவர் பேரைச் சபையில் சொல்லிக் காணிக்கை வைக்கும். ஆனால் சியோசுவாவின் மகன் கட்டிக்கொண்ட பெண் ஹீனா. அவளைச் சின்னப் பெண்ணாகக் கோட்டைக்குள் கிழங்குக் குடிசையில் கண்டெடுத்தார்கள், அந்தப் பாட்டைக் கட்டியவள் அவள்தான் என்று மட்டும் சொல்வார்கள். யாரிடமிருந்து ஒளிந்திருந்தாள், அவள் தம்பிகள் என்ன ஆனார்கள் என்று கேட்டால், "கவா பானம் கலக்கணும், போய் வேரை இடி" என்று பேச்சை மாற்றுவார்கள். பெரியப்பா ஒருவர் அப்படித்தான் சின்ன வயதில் லோசலீனேவின் வாயை அடைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை இந்த நாட்டில் ஓர் ஆணி அடிக்கக் கூடாது. குழி தார்ப்பாயால் மூடிக் கிடந்தது. விடிந்ததிலிருந்தே ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் மண்ணடுப்பிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது. சேம்பு இலையில் தேங்காய்ப்பாலும் டின் மாட்டிறைச்சியும் கட்டி உள்ளே புதைத்துவிட்டு ஊர் மொத்தமும் சபைக்குக் கிளம்பியது. லோசலீனே பின்வரிசையில் உட்கார்ந்தாள். வந்திருக்கக்கூடாது என்று நினைத்தாள். ஆனாலும் பாட்டு ஆரம்பித்ததும் அவளையறியாமல் தானும் சேர்ந்து பாடினாள். இந்த ஊரில் பிறந்த யாராலும் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாத பாட்டுகள் அவை.

போதகர் கையை உயர்த்தினார். "ஹூ."

எல்லோரும் முழங்காலிட்டார்கள். பலகைகள் கிறீச்சிட்டன. அப்போது பார்த்து ஒரு குடும்பம் தாமதமாக வந்து வாசலில் தயங்கி நின்றது. வாசலில் மூப்பருக்கான இடத்தில் நின்றிருந்த செமிசி அவர்களைப் பார்த்துக் கிசுகிசுத்தான்.

"ஹூ மாய், ஹூ மாய்." வாங்க, உள்ளே வாங்க.

உள்ளே ஹூ. வாசலில் ஹூ. இரண்டும் ஒரே மூச்சில் அவள் காதில் விழுந்தன. உள்ளே வந்த குடும்பமும் நடந்து வந்து, அப்படியே முழங்காலிட்டது. மண்டியிடுகிறவர்களும் நுழைகிறவர்களும் வேறு வேறு ஆட்கள் இல்லை.

லோசலீனே பலகையைப் பிடித்துக்கொண்டாள். இருட்டிலே ஹூ, விடிந்ததும் ஹூ. இருட்டில் மண்டியிட்டார்கள். விடிந்ததும் நுழைந்தார்கள். ஒரே கூட்டம். கோட்டைக்கு வெளியே, இதே பாட்டுகளைப் பாடி, இதே கடவுளிடம் கண்ணீர் விட்டு ஜெபித்துவிட்டு, எழுந்து போய் வெட்டினார்கள். கிழங்குக் குடிசையின் ஓலை இடுக்கு வழியாக ஹீனா என்ற சின்னப் பெண் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். எழுவாயைச் சொல்லாமல் பாடியிருக்கிறாள், ஏனென்றால் அந்த எழுவாய் வீட்டில்தான் அவள் பிறகு வாழ்ந்தாள், பிள்ளை பெற்றாள். இருபது வருஷமாக லோசலீனே போதகரோடு வினைச்சொல்லுக்காக மல்லுக்கட்டினாள். இரண்டு பேருமே யார் என்று கேட்கவில்லை.

நோரிஸ் சொன்ன போர்வை என்ற வார்த்தை ஞாபகம் வந்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போர்வையாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். நிலத்துக்கு ஆசைப்பட்டவன் பொய்யாக ஜெபித்தான் என்றால் இன்றைக்கு ஜெபிக்கிறவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் அவர்கள் மனசாரத்தான் ஜெபித்தார்கள். அதுதான் பயங்கரம். கல்லில் எழுதியிருப்பது முழுப் பொய்கூட இல்லை. இந்த இடத்தில் மண்டியிட்டார்கள். ஆனால் மண்டியிட்டவர்கள் கோலோமாகாவைச் சேர்ந்தவர்கள் அல்ல.

அவள் ஆராதனை முடியும் முன்பே எழுந்து வெளியே வந்தாள். வாசலில் நின்ற தம்பி அவளுக்கு வழிவிட்டு, தலையைக் குனிந்து, சுவரோடு ஒட்டிக்கொண்டான். ஊர் முழுக்கப் புகை வாசம்.

திங்கட்கிழமை காலை கலவை லாரி மேட்டில் ஏறியபோது குழிக்குள் ஆள் இருந்தது. தார்ப்பாய் மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. எலும்புகளின் மேல், லோசலீனேவுக்கு அவள் அம்மா சாவில் வந்த நுண்ணிய பாய், பட்டுப்போல் பின்னியது, விரித்திருந்தது. லோசலீனே கறுப்பு உடுத்தி, தலைமாட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. சாவு வீட்டில் தலைமாட்டில் உட்காரும் உரிமை இறந்தவனின் சகோதரி வழிக்கு. அவள் எழுந்திருக்காமல் உடலைத் தொட முடியாது, குழியை மூட முடியாது. ஹீனாவின் தம்பிகள் இந்தக் குழியில் இருந்தால், ஹீனாவின் வம்சத்துப் பெண் உட்கார வேண்டிய இடம் அதுதான். அவளை எழுப்ப வேண்டுமென்றால், இங்கே சாவு எதுவும் நடக்கவில்லை என்று யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எலும்பைப் பார்த்துக்கொண்டே அதைச் சொல்ல ஒருத்தருக்கும் நாக்கு எழவில்லை.

லாரி ஓட்டிக்கொண்டு வந்த மனாசே கீழே இறங்கி வந்து எட்டிப் பார்த்தான். "அய்யய்யோ" என்றான். தொப்பியைக் கழற்றிக்கொண்டான். பின்னால் கலவை உருளை சுற்றிக்கொண்டே இருந்தது.

போதகர் மேலிருந்து கெஞ்சினார். "டாக்டரம்மா, எழுந்திருங்க. ஊர் பாக்குது."

"பாக்கட்டும். எனக்கு ஒரே ஒரு கேள்வி, போதகரய்யா. பாட்டுல ஹூன்னு வருதே, யாரு?"

"கோலோமாகா சனங்கதான்."

"இதோ இந்தப் பிள்ளையா? பல்லு முளைச்சு முடியாத வாயில ஜெபம் பண்ணி, மறுநாளே செத்தும் போச்சா?" அவள் பாயின் மேல் கையை வைத்தாள். "பேராசிரியரே, நீங்க சொல்லுங்க. யாரு?"

"அது அக்காலச் சமூக அமைப்பில் சிக்கலான..." என்று நோரிஸ் ஆரம்பித்தார்.

"பேர் கேட்டா அமைப்பைச் சொல்றார் பாரு!"

கூட்டத்தில் யாரோ சிரித்து, உடனே நிறுத்தினார்கள். செமிசி கூட்டத்துக்குக் கடைசியில், தென்னை மரத்துக்கு அந்தப் பக்கம், அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். முதுகுதான் தெரிந்தது. அதைப் பார்த்ததும் லோசலீனேவுக்கு மற்ற எல்லோரும் மறந்துபோனார்கள்.

"வாசிட்டி! உன் புருஷன்கிட்டக் கேளு. யாரு மண்டி போட்டது?"

வாசிட்டி பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் ஓடினாள். ஓடி வந்தாள். "அக்கா, வெயில் ஏறுது, டீ போட்டு வெச்சிருக்கு, வந்து குடிக்கச் சொல்றார்."

"யாரு நுழைஞ்சதுன்னு கேளு."

வாசிட்டி மறுபடி ஓடினாள். "அக்கா மனசு நோகப் பேச எனக்கு வாய் வராதுங்கறார்."

"வாய் வராதா? காணிக்கை வைக்கறப்ப சியோசுவா பேரைச் சொல்ல வாய் வருதுல்ல? யாரு வெட்டினதுன்னு கேளு!"

"அக்கா, எனக்கு மூச்சு வாங்குது..."

"கேளுடி!"

வாசிட்டி திரும்பினாள். அவள் மூன்றடி வைப்பதற்குள் மரத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்படியொரு குரல் செமிசிக்கு உண்டு என்று ஊரில் யாருக்கும் தெரியாது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு, சேற்றில் வழுக்கிக்கொண்டு, இடுப்பில் மரியாதைக்குக் கட்டிய பாய் அவிழ அவிழ அவன் குழியின் விளிம்புக்கு வந்து நின்று, அக்காவின் முகத்தை நேராகப் பார்த்தான்.

"எந்திரி! எந்திரிங்கறேன்! யாரு யாருன்னு எத்தனை தடவை கேப்பே? எனக்குத் தெரியாதுன்னா நெனச்சே? அப்பா சாகறதுக்கு முன்னாடி என்கிட்டதான் சொன்னார். அவரோட அப்பா அவர்கிட்ட சொன்னார். நாங்கதான்! இருட்டுல மண்டி போட்டதும் நாங்கதான், விடிஞ்சதும் உள்ள நுழைஞ்சதும் நாங்கதான்! சியோசுவா ஜெபத்துல கண்ணீர் விட்டு அழுதாராம். அழுதுட்டுப் போய்ப் பிள்ளைங்களை வெட்டினாராம். போதுமா? நீ காகிதத்துல எழுதிட்டுப் போயிடுவே. நான் வாராவாரம் அந்த வாசல்ல நின்னு எல்லாரையும் உள்ள வாங்க, உள்ள வாங்கன்னு கூப்பிடறேன். அந்த வார்த்தையைச் சொல்றப்பல்லாம் எனக்கு எப்படி இருக்கும்னு ஒருநாளாவது கேட்டியா நீ?"

பெண்கள் வாயைப் பொத்தினார்கள். அவன் சொன்ன விஷயத்துக்காகவா, அக்காவைப் பார்த்துக் கத்தியதற்காகவா என்று சொல்ல முடியாது.  வாசிட்டி தலைச்சுமையை இறக்கியவள் மாதிரி சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

லோசலீனே தம்பியின் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதுக்குப் பிறகு இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. புருவம் அப்பாவுடையது. அவளுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. அப்பா உன்கிட்ட மட்டும் ஏன் சொன்னார், என்கிட்ட ஏன் சொல்லலை, இத்தனை வருஷம் நான் தேடி அலைந்தது நம் வீட்டுப் பாயிலேயே இருந்ததா, மரியாதை மரியாதை என்று என்னை வெளியே நிறுத்திவிட்டு நீங்கள் ஆம்பளைகள் உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டீர்களா? 

மனாசே மெதுவாக முன்னால் வந்தான். "மூப்பரே, மன்னிச்சுக்குங்க. கலவை இறுகிப் போயிடும். எங்க கொட்டறது?"

செமிசி மூச்சிரைத்துக்கொண்டு நின்றான். குழியைப் பார்த்தான். பாய்க்கு வெளியே ஒரு சின்னக் கால் எலும்பு தெரிந்தது.

"இங்க வேணாம். எங்க வீட்டு வாசல்ல கொட்டு" என்றான்.

"வாசல்லயா? வண்டி போக வழி இருக்காதே."

"இல்லாமப் போகட்டும். கொட்டு."

லாரி பின்னோக்கி இறங்கிப் போனது. செமிசி வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தபோது இடுப்பில் பழைய கந்தல் பாய் ஒன்றைக் கட்டியிருந்தான். முழங்காலுக்குக் கீழே தொங்குகிற, ஓரமெல்லாம் பிய்ந்த பாய். சாவில், இறந்தவனுக்குக் கீழ்ப்பட்டவன் கட்டுவது. நல்ல சாவு செத்த, ரட்சிக்கப்பட்ட, முன்பின் தெரியாத யாருக்காகவும் ஒருத்தன் அதைக் கட்ட மாட்டான். அவன் குழியின் கால்மாட்டில் இறங்கி, வழக்கப்படி அக்காவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் இன்னும் இரண்டு பேர் பாய் எடுத்துவர வீட்டுக்குப் போனார்கள். போதகரும், முட்டி வலியோடு, கடைசியில் இறங்கினார். நோரிஸ் நோட்டை எடுத்தார். பிறகு சட்டைப்பையிலேயே திரும்ப வைத்துக்கொண்டார்.

"வாசிட்டி," என்றாள் லோசலீனே, "உன் புருஷன்கிட்டக் கேளு. அடுத்த வாரம் பிரபு வர்றப்பவும்..."

"நேரா கேட்டுத் தொலை!" என்றான் செமிசி, திரும்பாமல்.

அவள் நேராகக் கேட்டாள். "பிரபு வர்றப்பவும் இதையே சொல்லுவியா?"

அவன் கையால் மண்ணைக் கிள்ளி நசுக்கிக்கொண்டிருந்தான். நிலம் யாருடையது என்பது இருவருக்கும் தெரியும்.

"வரட்டும்" என்றான் கடைசியில். "அந்தக் கல்லை மட்டும் என்னால தனியா தூக்க முடியாது. கனம் ஜாஸ்தி. அப்புறம் எந்திரிச்சு வந்து ஒரு கை பிடி."

லோசலீனேவின் கோபம் குறையவில்லை. அது குறைய இன்னும் பல வருஷம் ஆகும், ஒருவேளை குறையாமலும் போகலாம். ஆனால் இப்போது சண்டை போட எதிரில் ஓர் ஆள் இருந்தான், முதுகைக் காட்டிக்கொண்டாவது. அவள் எலும்பின் மேல் பாயை இழுத்துச் சரிசெய்தாள்.

"நான் இப்ப எந்திரிக்க மாட்டேன்" என்றாள். "நீ சொல்லி முடிக்கலை. அப்பா இன்னும் என்னென்ன சொன்னார், சொல்லு."